எனக்கு மூன்றாம் மாதம்

எனக்கு வயது அறுபத்து நான்கு. பெயர் சம்பத். மீசை உண்டு, அதுவும் அடர்த்தியாக உண்டு. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டு நட்டும் போல்ட்டும் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். போன செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு நான் மூன்று மாதக் கர்ப்பிணியாக இருந்தேன். ஆண் குழந்தை.

சிரிக்காதீர்கள். சொன்னது நானில்லை, முகஞானி கஜபதியார். மைக்கில் சொன்னார். ஐயாயிரம் பேர் சாட்சி. சரி, நானூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முகஞானியைத் தெரியாதவர்கள் அப்போது எங்கள் பக்கத்தில் கிடையாது. பாரிவாக்கத்தில், பூட்டிக்கிடந்த ஒரு மாவு மில்லில் இறங்கியிருந்தார். வாய் திறந்து நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம், முகத்தைப் பார்த்தே உங்கள் கஷ்டத்தைச் சொல்லிவிடுவார் என்று பூந்தமல்லி முதல் அம்பத்தூர் வரை போஸ்டர். ஞாயிறு வந்தால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஊர்ப் பெயரை மறந்து, "முகம், முகம், முகம்!" என்று கூவினார்கள். மண்ணூர்பேட்டையில் ஞாயிறு ஷிஃப்ட்டுக்கு ஆளில்லாமல் இரண்டு கம்பெனிகள் மூடிக்கிடந்ததாகக் கேள்வி. நானே கிளப்பிவிட்ட கேள்விதான்.

மில் சுவரில் சூலம், சிலுவை, பிறை மூன்றும் ஒரே அளவில் வரைந்திருந்தது. ஆகா, மத நல்லிணக்கம் என்று ஊரே உருகியது. ஜெபிஷா மட்டும் வேறு பெயர் வைத்தாள். "இது மார்க்கெட்டைப் பெருசாக்கறது அங்கிள்."

ஜெபிஷா பக்கத்து வீட்டுப் பெண். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. சோப்பு வாங்கவே நினைக்காதவனை எப்படி இரண்டு சோப்பு வாங்க வைப்பது என்று ஆராய்கிற படிப்பு. அதற்கு மார்க்கெட்டிங் உத்தி என்று பெயர். அப்பா கிறிஸ்துதாஸ் என்னோடு வேலை பார்த்தவன். நான் சொன்ன எதையும் முப்பது வருஷமாக நம்பாதவன். கேன்டீனில் ஒரே மூச்சில் நாற்பது இட்லி தின்றேன் என்றபோதும் நம்பவில்லை. (உண்மையில் இருபத்தெட்டு.) அப்பேர்ப்பட்ட சந்தேகப் பிராணி, கஜபதியை மூன்றே நிமிஷத்தில் நம்பினான். அவன் மனைவி ஜெயகுமாரிக்கு அந்த மூன்று நிமிஷமும் தேவைப்படவில்லை.

முகஞானி ஜெயகுமாரியிடம் சொன்னது இதுதான்: வீட்டில் ஒரு பிள்ளை படிக்கிறது. அந்தப் படிப்பின் நிழல் தகப்பன் உயிர்மேல் விழுகிறது. பதினோரு ஞாயிறு இங்கே வந்து போக வேண்டும். அதுவரை பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்கக் கூடாது.

ஜெபிஷாவுக்குப் பரீட்சை ஏழாவது வாரத்தில். எழுதாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. அதற்கப்புறம் மறுபடி அனுப்புவார்களா என்பது அந்த முகஞானிக்கே வெளிச்சம்.

"மக்ளே, பதினோரு வாரந்தானே? அப்பாக்க உயிர விட பரீச்சை பெருசா?" என்று ஜெயகுமாரி அழுதாள். "நான் வாயே தொறக்கல்ல. மூஞ்சியப் பாத்தே சொன்னாரு."

"எம்.பி.ஏ.ன்னு சொன்னாராம்மா?"

"படிப்புன்னு சொன்னாரு."

"என்ன படிப்புன்னு?"

"படிப்புன்னா படிப்புதான். உனக்கு எல்லாத்துக்கும் குறுக்குக் கேள்வி!"

ஜெபிஷா அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். முகஞானி இடத்தில் கட்டிவிட்ட, வரிசை எண் கோத்த கயிறு, வெள்ளை, ஒரு முடிச்சு. அன்று மாலை கீழ்வீட்டு சபீனா வந்தாள். அவளும் முகஞானியிடம் போய்வந்தவள், மூன்று மாதக் கர்ப்பிணி. அவள் கையில் பச்சைக் கயிறு, மூன்று முடிச்சு. ஜெபிஷா இரண்டு பேர் கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வளையல் கடைக்காரி மாதிரி ஐந்து நிமிஷம் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அங்கிள், உங்களுக்கு முட்டி வலி இருக்குல்ல?"

"இருக்கே, ஊரறிஞ்ச வலி."

"ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

ஓய்வு பெற்றவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது!

ஞாயிறன்று எல்லோரும் போனோம். மில் வாசலில் பந்தல். பந்தலில் மோர்ப் பானை. பானைக்குப் பின்னால் சுலோசனா என்கிற அம்மாள். உலகத்துக் கருணையெல்லாம் அவள் முகத்தில்.

"வா நைனா, குந்து. மோர் குடி. இன்னா, நொண்டிகினு வரே?"

"முட்டிம்மா."

"ஒரு முட்டியா, ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

"அடப்பாவமே. ஊட்டுல மாடிப்படி வேற கீதா?"

"கீதும்மா," என்றேன், எனக்கும் தொற்றிக்கொண்டது.

சிவப்புக் கயிறு. இரண்டு முடிச்சு. கட்டிவிட்டுச் சொன்னாள்: "சாமி முன்னால வாயத் தொறக்காதே நைனா. அவரே சொல்லுவாரு."

நான் வாயைத் திறக்க வேண்டிய வேலை அந்த மோர்ப் பானைக்குப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது.

இளநீர் வண்டிக்குப் பின்னால் போய், ஜெபிஷா சொன்னபடி நானும் சபீனாவும் கயிறுகளை மாற்றிக் கட்டிக்கொண்டோம். அவ்வளவுதான் சோதனை. ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

உள்ளே முகஞானி. தவத்தால் இமை கனத்துப்போய் கண் பாதி மூடியே இருக்கும். மதியத்துக்குள் நானூறு முகம் பார்க்கவேண்டியவருக்கு, முகம் பார்க்க நேரம் ஏது? கும்பிட்ட கையை அவர் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும் என்பது விதி. மணிக்கட்டு அவர் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும்.

முதலில் சபீனா. இருபத்து நாலு வயது.

"இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன," என்றார் மைக்கில். "காலம் போய்விட்டது. இனி மாடி ஏறாதே."

கூட்டம் உச்சுக்கொட்டியது. என் பின்னால் கிறிஸ்துதாஸ், "பாவம், இந்த வயசுலயே முட்டி போச்சே," என்று நிஜமாகவே கண் கலங்கினான்.

அடுத்து நான். கை கூப்பினேன். பச்சை. மூன்று முடிச்சு.

"வயிற்றில் ஒரு ஜீவன் துடிக்கிறது. மூன்று திங்கள். ஆண் மகவு. கனமான குடம் தூக்காதே, தாயே!"

நான் இருமினேன். ஆம்பளை இருமல். முகஞானி அன்றைக்கு முதன்முறையாக ஒரு முகத்தைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "ஞானத்துக்கு ஏது ஆண், பெண் என்ற பேதம்? இவர் உள்ளே ஒரு நல்ல எண்ணம் கருவாகியிருக்கிறது!" என்றார். கூட்டம் கைதட்டியது. ஆமாம், கைதட்டியது! கிறிஸ்துதாஸ் என் தொந்தியைச் சந்தேகத்தோடு பார்த்து, "சம்பத்து, கொஞ்சம் உப்பலாத்தான் கீது," என்றான்.

அப்போது ஜெபிஷா எழுந்தாள். அவள் படிப்பு அல்லவா அங்கே தொங்கிக்கொண்டிருந்தது!

"ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாரும் கயிறைக் கழட்டிடறோம். முகம் இங்கதானே இருக்கு? அதைப் பாத்துச் சொல்லுங்க."

முதலில் அவளே அம்மா கையிலிருந்த கயிற்றை அவிழ்த்தாள். நான் அவிழ்த்தேன். சபீனா அவிழ்த்தாள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் முன்வரிசை அவிழ்த்தது. முன்வரிசை செய்ததைப் பின்வரிசை செய்யாமல் விடுமா? நானூறு வெறுங்கை. நானூறு முகம், பளிச்சென்று, கழுவித் துடைத்து.

முகஞானி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். வேர்த்தது. வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"சுலோ! இன்னா சுலோ, எல்லாம் கயித்த அவுத்துடுச்சுங்க! இப்ப நான் இன்னான்னு சொல்றது?"

மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

அப்புறம் நடந்தது வகுப்பு. "பச்சை கட்டியிருந்தவங்க கை தூக்குங்க. குழந்தை விஷயம்தானே?" என்றாள் ஜெபிஷா. தூக்கினார்கள். மஞ்சள்? கல்யாணம். நீலம்? வேலை. சிவப்பு? முட்டி வலி. வெள்ளை? படிப்பு. முடிச்சு என்றால் எத்தனை என்று கணக்கு. "மோர் குடிக்கும்போது நீங்களே சொன்னதைத்தான் உங்களுக்கே திருப்பிச் சொல்றாரு. வாடிக்கையாளரை வகை பிரிக்கறதுன்னு இதுதான் எங்களுக்கு முதல் பாடம். பதினோரு வாரம் வரச்சொல்றது ரெண்டாவது பாடம்."

கஜபதி மேடையிலிருந்து இறங்கி அவளிடம் வந்தார். சாமி பாஷை போய்விட்டது.

"எந்தக் காலேஜும்மா?"

சொன்னாள்.

"சிவராமன் சார் இன்னும் பாடம் எடுத்துகினு கீறாரா? நான் அவர்கிட்ட படிச்ச முதல் பேட்ச்." ஒரு பெருமூச்சு. "கேட்டதா சொல்லு."

சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனவர்தான். சுலோசனா பானையோடு போனாள்.

ஜெயகுமாரி, அவிழ்த்த கயிற்றைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருந்தாள். "நான் மோர்தான் குடிச்சேன்னு நெனச்சேன் மக்ளே," என்றாள். பிறகு, "நாளைக்குக் காலேஜ் பஸ் எத்தனை மணிக்கு?"

ஜெபிஷா பரீட்சை எழுதினாள். அவள் எடுத்த மதிப்பெண் நூற்றுக்கு நூற்று இருபது என்றுதான் நான் சொல்லிவருகிறேன்.

சிக்கல் எனக்குத்தான். கோவில்பதாகைப் பூங்காவில் காலை நடைக்கு வருகிற கோஷ்டியிடம் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. "மீசை வெச்ச ஆளப் பாத்து எவனாவது மாசமா இருக்கேன்னு சொல்லுவானா? விடுப்பா சம்பத்து!" என்றார் கோவிந்தராஜ். முந்தின வாரம்வரை முகஞானி படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர். முகத்தைப் பார்த்தே ஜாதகம் சொல்வான் என்றால் நம்புவார்களாம். எதிரே இருக்கிறவனின் மீசையைக்கூடப் பார்க்கவில்லை என்றால் நம்பமாட்டார்களாம். மூளையைக் கழுத்துக்கு மேலே வைத்தது தொப்பி மாட்டுவதற்கு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"கிறிஸ்துதாஸைக் கேளுங்கள்," என்றேன். என்னை என்றைக்கும் நம்பாதவன் என்று எல்லோருக்கும் தெரியும்.

கிறிஸ்துதாஸ் ஷூ கயிற்றை அவிழ்த்தான். மறுபடி கட்டினான். தலை நிமிரவில்லை.

"நடந்தது உண்மைதான்," என்றான். "மூணாம் மாசம். ஆம்பளப் புள்ள. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அவன் எங்க கயித்தப் பாத்துச் சொன்னான்யா. நாங்க எங்க கயித்தப் பாக்காம, அவன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தோம்."