அழிந்த உலகத்துக்கு ஓர் ஆள் தேவை

சிவப்பு நாடாவை வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை.

“பச்சை நாடா சமூகப் பணியாளருக்கு, சிவப்பு பாதிக்கப்பட்ட சனத்துக்கு. விளையாட்டுத்தானே அக்கா, பிடியுங்கோ,” என்றாள் தயாளினி.

கமலாட்சி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “விளையாட்டுலயும் நாங்கதான் அகதியா? எனக்குப் பச்சை குடுங்க புள்ள.”

தொண்டு நிறுவனம் கொழும்பிலிருந்து அனுப்பிய விளையாட்டு அது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யாரோ உலகத்தை அழித்திருந்தார்கள். அதைத் திரும்பக் கட்டியெழுப்பும் வேலை, தொண்ணூற்றேழாம் ஆண்டின் வெயிலில், ஒட்டுசுட்டான் வீதியோரத்துப் பாலை மரத்தடியில், தயாளினியின் தலையில் விழுந்திருந்தது.

இதைப் பார்க்க நெடுங்கேணி அலுவலகத்திலிருந்து தங்கராசா என்ற புது அதிகாரி வருகிறார். அவர் நல்லது என்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டின் முதல் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, வட்டக்கச்சியில் அப்பாவோடு களை பிடுங்கலாம்.

“எல்லாரும் இஞ்ச கேளுங்கோ. உலகம் அழிஞ்சுபோச்சு. கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, தபால் இல்லை, மருந்து இல்லை.”

கூட்டம் மேலே கேட்கக் காத்திருந்தது.

“சரி மிஸ். எப்ப அழியும்?” என்றார் பழனியாண்டி.

“அழிஞ்சிட்டுது அண்ணை! இப்ப சொன்னதுதான் அழிவு!”

“ஓ, இதானா?” அவர் வெற்றிலையை அடக்கிக்கொண்டார். “அப்ப ஆரம்பிங்க.”

நெடுங்கேணிப் பக்கம் காலையிலிருந்து ஷெல் முழங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் புதினமாக எடுக்கவில்லை.

நேரம் போகிறதே என்று தயாளினி எல்லோருக்கும் பச்சையே குத்திவிட்டாள். அது முதல் பிழை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒரு குழு உடனே முளைத்தது. “உலகம் அழிஞ்சாலும் குழு இல்லாம நிவாரணம் வராது மிஸ்,” என்றார் தலைவராகிவிட்ட பழனியாண்டி. நாலு தடி நட்டு, தென்னோலைக் கிடுகு போட்டு ஒரு கொட்டில் எழும்பியது. கமலாட்சி கஞ்சி காய்ச்சினாள். கொட்டிலில் இருக்கவும் கஞ்சி குடிக்கவும்தான் ஆளில்லை.

“வீதியால ஆரும் வருவினம். அவையைப் பாதிக்கப்பட்ட ஆக்கள் எண்டு நினையுங்கோ,” என்றாள் தயாளினி. அது இரண்டாவது பிழை.

சைக்கிளில் வந்த முத்துலிங்கத்தை நாலு பேர் மறித்து இறக்கிச் சிவப்பு நாடா குத்தினார்கள்.

“விடுங்கோ! நான் செத்தவீட்டுக்குப் போறன்!”

“பாவம், இழப்பு வேற,” என்று கமலாட்சி அவர் தலையைத் தடவினாள்.

தயாளினி ஓடிப்போய் அவரை விடுவித்தாள். அவர் ஏசிக்கொண்டே போனார். குழு அவளைத்தான் முறைத்தது. “கெடைச்ச ஒரே அகதியையும் விரட்டிட்டீங்களே மிஸ். இனி யாரு வந்தாலும் நீங்க குறுக்க வரக்கூடாது.”

அப்போது மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்று புகை கக்கியபடி வந்து, மரத்தடியில் இருமி நின்றது. தலை முதல் கால் வரை புழுதி. பின்னால் பெரிய மூட்டை. “நான் தங்கராசா, அலுவலகத்திலயிருந்து…” என்று அவர் தொடங்குவதற்குள் கமலாட்சி நாடாவைக் குத்திவிட்டாள்.

“அக்கா, அவர் எங்கட பெரியவர்!” தயாளினி கத்தினாள்.

“யாரா இருந்தா என்ன புள்ள, மனுசன் பசியோட நிக்கிறாரு.”

“நான் அதிகாரி!” என்றார் தங்கராசா.

“அதிர்ச்சியில அப்பிடித்தான் பேசுவாங்க,” என்று பழனியாண்டி தோளைப் பிடித்துக் கொட்டிலுக்குள் இருத்தினார்.

வேலை போயிற்று என்று தயாளினி முடிவெடுத்தாள். ஆனால் மனிதர் எழும்பவில்லை. கஞ்சியைக் குடித்தார். இன்னொரு கோப்பையும் வாங்கிக் குடித்தார்.

“உங்கட மூட்டையை இறக்கட்டோ சேர்?” என்றாள்.

“தொடாதேங்கோ! அது அலுவலகச் சாமான்.” உள்ளே சட்டி மூடி ஒன்று கணீரென்றது. அவர் செருமினார். “பிள்ளை, இஞ்ச தண்ணி எப்பிடி?”

மதிப்பீடு தொடங்கிவிட்டது! “கோடையிலயும் வத்தாத கிணறு, சேர்.”

“பள்ளிக்கூடம்?”

“நடந்துபோகலாம், சேர்.”

“பாம்பு?”

இந்தக் கேள்வி பயிற்சியில் இல்லை. “குறைவு, சேர்.”

அவர் கிடுகைத் தட்டிப் பார்த்தார். தடியை ஆட்டிப் பார்த்தார். “மழைக்கு ஒழுகாதோ?”

“ஒழுகினா நாங்க மாத்திக் குடுப்போம்,” என்றார் பழனியாண்டி.

தங்கராசா இரண்டாவது கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தயாளினியிடம் திரும்பினார். “நல்ல திட்டம், பிள்ளை. சனம் தானாக முன்வந்து செய்யுது. உம்மட வேலைக்கு நான் பொறுப்பு. ஆனால் இதை ஒருநாள் பார்த்துப்போட்டுப் போகேலாது. கொஞ்சக் காலம் இஞ்சயே நிண்டு பார்க்கோணும்.”

தயாளினி நிமிர்ந்து நின்றாள். படித்த படிப்புக்கு முதல்தடவையாக ஒருவர் மரியாதை தந்திருக்கிறார்! கொழும்புக்காரர் அனுப்பிய விளையாட்டைக்கூட அந்த நிமிடம் மன்னித்தாள்.

வீதியில் உழவு இயந்திரம் ஒன்று வந்து நின்றது. பெட்டியில் அலுமாரி, கதிரைகள், கோழிக்கூடு; அவற்றின் உச்சியில், தைத்த நெல்மூட்டையில் ஒரு பெண். மரத்தடியை எட்டிப் பார்த்து, கொட்டிலுக்குள் இருந்த தங்கராசாவைக் கண்டதும் குரல் கொடுத்தாள்:

“இஞ்சேருங்கோப்பா, சாமானை இறக்கட்டோ? இல்லாட்டி முந்தின ரெண்டு ஊரிலயும் போல இஞ்சயும், ஓடிவந்ததை மறைச்சு, வேலை பார்க்க வந்தனான் எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறியளோ?”