காபிக்கு அரைக் கரண்டி வரி

கும்மிடிப்பூண்டி
11-7-1978

அன்புள்ள மணவாளன் அண்ணாவுக்கு வைஜயந்தி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும். கோதை இப்போதுதான் கண்ணை மூடினாள். ஒரு கை தூளியை ஆட்டுகிறது, ஒரு கை எழுதுகிறது; எழுத்து ஊஞ்சலாடினால் காரணம் அதுதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். டெல்லி வெயிலில் நீயும் மன்னியும் குழந்தைகளும் வாடாமல் இருக்கப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். இந்த மாதம் 30-ஆம் தேதி ஞாயிறு சாயங்காலம், அவர் வேலை பார்க்கும் வாளி பாக்டரியின் மாதர் மன்றத்தில் பட்டிமன்றம். மூன்று வருஷத்துக்கு முன், பட்டியலில் சேராத பாக்டரி சாமான்களுக்கென்று நூற்றுக்கு ஒன்றாக நுழைந்த மத்திய எக்சைஸ் வரி இந்த பட்ஜெட்டில் ஐந்தாகிவிட்டதல்லவா, அதை இன்னும் உயர்த்தி, இன்னும் விட்டுப்போன சாமான்களுக்கும் விரிக்கலாமா கூடாதா என்பது தலைப்பு. உயர்த்தலாம் என்று பேச என் பெயரைக் கொடுத்துவிட்டார் உன் மாப்பிள்ளை. எகனாமிக்ஸ் பி.ஏ. என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரே! கல்லூரியில் மேடையேறி 'மதிப்பிற்குரிய' என்று சொல்லிவிட்டு அப்படியே இறங்கி வந்தவள் நான் என்பது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இந்த முறையும் அப்படி இறங்கினால், அந்தப் பட்டத்தை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகத்தான் கட்டணும்.

சரி, வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம் என்று போன மாதமே ஒரு வரி போட்டேன். ஒரு டம்ளர் காபிக்கு ரெண்டு கரண்டி சர்க்கரை என்றால், அரைக் கரண்டி வரி. அது ஹார்லிக்ஸ் டப்பாவுக்குள் போகும். ரேஷன் சர்க்கரை எந்த மூலைக்கு? அடுத்த மாதம் கோதையின் ஆண்டு நிறைவுக்கு மைசூர்பாகு கிளறினால், வரிப் பணத்தில் ராஜாங்கம் நல்ல காரியம் செய்த மாதிரியும் ஆச்சு என்று நினைத்தேன். முதல் நாள் காலையிலேயே, பாத்திரம் தேய்க்க வரும் செங்கம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னாம்மா இது, கசக்குது?" வரித் தத்துவத்தை விளக்கினேன். எல்லோருக்கும் சமமாக அரைக் கரண்டி, பாரபட்சமே இல்லை என்றேன். "இன்னா சமம்? உங்களுக்கு இதுக்கப்புறம் இட்லி வருது. எனக்கு இதாம்மா நாஷ்டா. உங்களுக்குப் போனது அர கரண்டி, எனக்குப் போனது அர வயிறு" என்றாள். மூன்று வருஷ பி.ஏ. பாடத்தில் இந்தக் கணக்கு வரவேயில்லை. அவளுக்கு விலக்கு கொடுத்தேன்.

விலக்கு என்ற வார்த்தை மாமியார் காதில் விழுந்தது. மாமனார் கோயில் கைங்கரியத்தை விட்டு வரமுடியாது என்று திருவள்ளூரிலேயே இருக்க, மாமியார் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, தவழும் கிருஷ்ண விக்கிரகத்தோடு வந்திருக்கிறார். நான் வரியைக் காபியோடு நிறுத்தாமல் கேசரி, உப்புமா வரைக்கும் விரித்திருந்தேன். "செங்கம்மாளுக்கு விலக்குன்னா கிருஷ்ணனுக்குக் கிடையாதா? இந்தாத்துல அடுப்புலேர்ந்து இறங்கறதெல்லாம் அவன் அமுது செஞ்ச பிரசாதம். பிரசாதத்துக்கு வரியாடீ?" என்றார். நியாயம்தானே! அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சமையலறை முழுக்க விலக்காகி, காபி ஒன்றுதான் மிஞ்சியது. தினம் நாலு டம்ளர் குடிக்கும் உன் மாப்பிள்ளை விடுவாரா? "அம்மா, காபியையும் அவனுக்குக் காட்டிடேன்." "கிருஷ்ணன் காபி குடிக்கிறதில்லைடா." "பால் குடிக்கிறானே, அதுல ரெண்டு சொட்டு டிகாக்ஷன் விழுந்தா தெரியவா போறது?" கரண்டியை ஓங்கிக்கொண்டு மாமியார் கூடம் வரைக்கும் துரத்தினார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தவள் மன்றக் காரியதரிசி கோவிந்தம்மா. எதிர்த்துப் பேச ஆள் கிடைக்காமல் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தவள். வரி எத்தனை அநியாயம் என்று மாமியார் அவளிடம் பொரிந்து தள்ளினார். "இன்னா மாமி, இம்மாம் பாயிண்டு வச்சிக்கினு சமையக்கட்டுல குந்திக்கினு கீறீங்க! மேடைக்கு வாங்க" என்றாள் கோவிந்தம்மா. மாமியார் கூச்சப்படுவார், மறுப்பார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவரோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை நிமிஷம் குடுப்பேள்?" என்று கேட்டார்.

அண்ணா, அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. இன்று ரசத்துக்குப் புளி கரைக்கும்போது மாமியார் "தாய்மார்களே!" என்றார், குழந்தை திடுக்கிட்டு அழுதது. நான் ஜெயித்தால் மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? தோற்றால் உன் கேலிக்கு எப்படிப் பதில் எழுதுவது? எல்லாவற்றுக்கும் மேலே, கோதை என்னிடமும் மாமியாரிடமும் தவிர யாரிடமும் இருக்கமாட்டாள். இரண்டு பேரும் மேடையில் இருந்தால் குழந்தையை யார் வைத்துக்கொள்வது? இதை நினைத்தே தூக்கம் வரவில்லை. நீ செக்ரடேரியட்டில் பைல் பார்ப்பவன். வரியை உயர்த்தினால் நாட்டுக்கு என்னென்ன நன்மை என்று நாலு பாயிண்டாவது எழுதி அனுப்பு. வீட்டுக்கு அனுப்பாதே, தபால்காரர் கையிலேயே மாமியார் வாங்கிப் பிரித்துவிடுவார். பாக்டரி விலாசத்துக்குப் போடு. மன்னிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

உன் அன்புத் தங்கை,
வைஜயந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாமியார் எழுந்து வந்துவிட்டார். கடிதத்தைப் பார்க்கவேயில்லை, எறும்பு வந்திருக்கிறதா என்று ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்தார். கழுத்து வரை சர்க்கரை! "இத்தனை சேர்ந்துடுத்தா? முக்கால் கரண்டியா ஏத்திடு. மைசூர்பாகு தெரு பூராக் குடுக்கலாம்" என்றார். நீங்கள் எதிர்த்தல்லவா பேசணும் என்றேன். "அந்தக் கட்சியை நீ எடுத்துக்கோ, எனக்கு அதுல நம்பிக்கை போயிடுத்து. செங்கம்மாளையும் இதுல சேர்த்துடு." எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! முடியவே முடியாது என்று ஆரம்பித்து, அரை வயிற்றுக் கணக்கிலிருந்து ஐந்து நிமிஷம் நிற்காமல், தடுக்காமல் பேசிவிட்டேன் அண்ணா. சத்தத்தில் கோதை விழித்து வீறிட்டாள். மாமியார் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "நீ பேசு, நான் வச்சுண்டிருக்கேன்" என்றார். ஆக, மேலே கேட்ட பாயிண்டெல்லாம் எனக்கு வேண்டாம். அவற்றை மாமியாருக்கு அனுப்பு. எனக்கு உயர்த்தக்கூடாது என்பதற்கு வேண்டும். இரண்டையும் ஒரே உறையில் வைத்து வீட்டு விலாசத்துக்கே போடு. சீக்கிரம் பதில் எழுது.