விரியோவின் பல்லும் சிவப்பு சோபாவும்

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. அரசாங்கக் காகிதத்தில் இந்தத் தெருக்காரர்கள் நாங்கள் மிகவும் சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம். நான் சொல்வது யார் காதிலாவது விழுந்து அந்தச் சௌக்கியம் கெட்டுப்போகக் கூடாது.

எல்லாம் விரியோவின் பல்லில் ஆரம்பித்தது. கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல்.

இந்தோனேசியாவில் எங்கள் ஜாவா பக்கத்துப் பையன்தான் விரியோ. பையன் என்கிறேன், நாற்பது வயசு ஆகிறது. பிலடெல்பியாவுக்கு வெளியே கீரை நறுக்கிப் பொட்டலம் கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. கீரை வாடக்கூடாது என்று உள்ளே வருஷம் முழுக்கக் குளிரூட்டி வைத்திருப்பார்கள். கீரைக்கு அது ரொம்ப நல்லது. சொத்தைப் பல்லுக்கு ஆகாது. வலி தாங்காமல் இரண்டு நாள் லீவு போட்டான். மூன்றாவது நாள் வராவிட்டால் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்கும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஊரில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கீரையை நம்பித்தான் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மாநகரப் பல்நல மேம்பாட்டு வாரியம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. வசதி குறைந்த குடியேறிகளுக்கு இலவசமாகப் பல் பிடுங்கித் தரப்படும். விரியோவைக் கூட்டிக்கொண்டு சுலஸ்த்ரி கிளம்பினாள். கூடத் துணைக்கு நானும்.

சுலஸ்த்ரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைக்காரர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் விற்கிறவள். இங்கிலீஷைப் பாதி டிவி பார்த்தும் மீதி வாடகை கேட்டு வருகிற வீட்டுச் சொந்தக்காரனோடு சண்டை போட்டும் கற்றுக்கொண்டாள். எங்கள் பதினோரு வீட்டுக்கும் வாய் என்று இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். மற்ற எல்லோருக்கும் இருந்தது புன்னகை.

வாரியத்தில் எங்கள் மேசை அதிகாரி பிளெட்சர் என்று ஒருவர். நல்ல மனிதர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆசிய சமூகங்களின்மேல் அவருக்கு அளவு கடந்த மரியாதை. சுவரில் ஒரு நெல்வயல் படம்கூட மாட்டி வைத்திருந்தார்.

"முதல் பெயர்?"

"விரியோ."

"குடும்பப் பெயர்?"

"அவ்வளவுதாங்க. எங்க ஊர்ல ஒரே பேருதான்."

பிளெட்சர் அனுதாபத்தோடு ஒரு கோடு போட்டார். "இனம்?"

அஞ்சு கட்டம் இருந்தது. ஆசியர் என்ற கட்டத்தில் விரியோ டிக் அடித்தான். பிளெட்சர் கணினியைத் தட்டினார். அது சிவப்பாகிவிட்டது.

"வருந்துகிறேன். ஆசிய சமூகத்துக்குப் பல்வலி இல்லை."

விரியோ வீங்கிப்போன கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். "அப்ப இது என்னங்க?"

"அது தங்களுடைய தனிப்பட்ட அனுபவம். நான் சொல்வது தரவு." நாற்பது பக்க அறிக்கை ஒன்றைப் பிரித்தார். "இம்மாநகரில் ஆசியக் குடும்பங்களின் சராசரி வருமானம் மற்ற எல்லோரையும்விட உயர்ந்து விளங்குகிறது. குடும்பம் ஒன்றுக்குச் சராசரியாக ஒன்றரைக் கார், கால் பியானோ, அரைப் பல் மருத்துவர் உள்ளனர்."

சுலஸ்த்ரி நாற்காலியை முன்னால் இழுத்தாள். "அரை டாக்டரா?"

"சராசரியாக."

"எந்த அரைங்க? மேலயா கீழயா? பல்லு புடுங்கக் கை வேணும். இடுப்புக்குக் கீழ இருக்கிற அரை எங்க வீட்டுக்கு வந்து சேந்தா அதை வெச்சு என்ன பண்றது?"

பிளெட்சர் சிரிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "அந்த விவரம் அறிக்கையில் இடம்பெறவில்லை. நியாயமான கேள்வி." குறித்துக்கொண்டார்.

"சரி, எங்க அரை டாக்டர் இப்ப எங்கதான் இருக்காரு?"

"பெரும்பாலும் புறநகரில்."

"ஐயா, அவங்கல்லாம் ஜப்பான், கொரியா, சீனா, இந்தியான்னு அங்கங்க படிச்சு முடிச்சுட்டு ஏரோப்ளேன் ஏறுனவங்க. நாங்க ஊர் சுத்திப் பாக்க வந்தவங்கன்னு சொல்லி வந்து கீரை நறுக்கிக்கிட்டு நிக்கிறோம். ரெண்டு பேரையும் ஒரே கட்டத்துல போட்டுக் கலக்குனா அவங்க தின்ன சோறு எங்க வயித்துக்கு வந்துருமா?"

"கணக்கியலின்படி, வந்துவிடும்" என்றார் பிளெட்சர்.

ஊர் சுற்றிப் பார்க்க வந்த கதையை அவள் அங்கே அவிழ்த்துவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு விசாக் காகிதம் என்றாலே ஒரு கூச்சம். சுலஸ்த்ரியின் காலை மிதித்தேன். அவள் திருப்பி மிதித்தாள்.

அவள் விடாமல் பிடித்ததில் ஒரு வழி கிடைத்தது. விதி பதினாலு, உட்பிரிவு ஆ. ஒரு சமூகம் தனிக்கட்டம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதிகாரி நேரில் வந்து வீடு வீடாகப் பார்ப்பார். தேவை இருப்பது கண்ணால் காணப்பட்டால் கட்டம் உண்டு, பல்லும் பிடுங்கப்படும்.

"பேரும் பாதி, டாக்டரும் பாதி. வா தம்பி, போவோம்" என்று விரியோவை எழுப்பிக் கூட்டி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிளெட்சர் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமையே சுலஸ்த்ரி பதினோரு வீட்டையும் கூட்டி வைத்துச் சொன்னாள். "உள்ளதை உள்ளபடி காட்டணும். ஒரு ரூமுல ஆறு பேர் படுக்கிறீங்களா? காட்டுங்க. ஹீட்டர் ஓடலையா? காட்டுங்க. வலிக்குதான்னு கேட்டா வலிக்குதுன்னு சொல்லுங்க. புரிஞ்சுதா?"

எல்லோரும் தலையாட்டினோம். எங்களவர்கள் தலையாட்டினால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். சுலஸ்த்ரிக்கு அது தெரியாதா, அவளும் எங்களில் ஒருத்திதானே. ஆனாலும் அன்றைக்கு நம்பிவிட்டாள்.

முதல் வீடு என்னுடையது. காலையில் எழுந்து பார்க்கிறேன், ஆறு மெத்தை, கவிழ்த்துப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் வாளி, உட்கார வேறு எதுவும் இல்லை. வீடு தேடி வருகிற மனுஷனை வாளிமேல் உட்கார வைப்பதா? எங்க அம்மா சமாதியிலிருந்து எழுந்து வந்து காதைத் திருகுவாள். மெத்தைகளைச் சுருட்டிக் குளியலறைக்குள் தள்ளினேன். வேன்காரர் ஹெர்லம்பாங் வீட்டுக்கு ஓடினேன். எங்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகிற மூன்று வேனும் அவருடையதுதான். கூடத்தில் பெரிய சிவப்பு வெல்வெட் சோபா வைத்திருந்தார், கடையில் சுற்றிக் கொடுத்த கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்காமல்.

"ஒரு அரை மணி நேரம் மட்டும், அண்ணே."

"தூக்கிட்டுப் போ. தாளு கிழிஞ்சா உன்னைக் கிழிச்சுருவேன்."

பிளெட்சர் வந்தார், சோபாவில் உட்கார்ந்தார், கோழி வறுவல் சாப்பிட்டார். கூட மொழிபெயர்ப்புக்கு வந்த சுலஸ்த்ரி சோபாவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கோழிக்குப் பதிலாக என்னை வறுத்திருப்பாள். ஆனால் விருந்தாளி முன்னால் எப்படித் திட்டுவது?

"ஏதேனும் குறை உண்டா?" என்று பிளெட்சர் கேட்டார்.

"உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க" என்றேன். நான் சொல்லவில்லை, என் வாய் சொல்லிவிட்டது.

அவர்கள் முன்வாசல் வழியாக இறங்கியதும் பின்வாசலில் இரண்டாம் வீட்டுக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். "உங்க வீட்ல மட்டும் சோபா, எங்க வீட்ல வாளியா? எங்களுக்கு மானம் கிடையாதா?" நியாயம்தானே. பின்சந்து வழியாகத் தூக்கினோம். அப்புறம் மூன்றாம் வீடு. நாலு, அஞ்சு. முன்னால் நான், பின்னால் விரியோ, நடுவில் சோபா. கன்னம் வீங்கிய பக்கம் தோள் கொடுக்க முடியாமல் அவன் நண்டு மாதிரி நடந்து வந்தான்.

ஏழாவது வீட்டில் பிளெட்சர் வெல்வெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். "இச்சமூகத்தில் சிவப்பு நிறத்துக்கு ஆழ்ந்த பண்பாட்டு முக்கியத்துவம் உண்டோ?"

சுலஸ்த்ரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஆமாங்க. ரொம்ப ஆழம்."

கடைசி வீடு விரியோவுடையது. எல்லாம் எதற்காக நடந்ததோ, அந்தப் பல் இருக்கிற வீடு. சோபாவை இறக்கிவிட்டு மூச்சு வாங்க நின்றான் விரியோ. வேர்க்கடலை பதித்த தட்டையைத் தட்டில் வைத்து நீட்டினான். கல் மாதிரி இருக்கும், அப்படி இருந்தால்தான் அது நல்ல தட்டை.

"தங்களுக்குப் பல்லில் வலி இருக்கிறதா?"

சுலஸ்த்ரி அவனையே பார்த்தாள். நான் அவனையே பார்த்தேன்.

"பெருசா ஒண்ணும் இல்லீங்க" என்றான் விரியோ. "சாப்பிடுங்க."

"நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்."

வந்தவர் சொல்லும்போது எப்படி மறுப்பது? எடுத்தான். கடித்தான். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது.

"கண் கலங்குகிறீர்களே?"

"நீங்க எங்க வீட்டுக்கு வந்த சந்தோஷங்க."

பிளெட்சர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் போனபிறகு சுலஸ்த்ரி போட்ட சத்தத்தில் சந்தில் இருந்த பூனையெல்லாம் இடம் மாறிவிட்டது. "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை! ஏன்டா கடிச்சே?"

"அவரு சாப்பிடச் சொன்னாருக்கா."

"நானா இருந்தா அந்தத் தட்டையை அந்தாள் தலையில வெச்சு உடைச்சிருப்பேன்!"

பத்தே நாளில் கடிதம் வந்தது. அரசாங்கம் அவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. தனிக்கட்டம் கொடுத்துவிட்டார்கள். 'இந்தோனேசியர்' என்று அச்சடித்து. கீழே எழுதியிருந்தது: ஆய்வு செய்யப்பட்ட அனைத்து இல்லங்களிலும் உயர்ரக சோபாவும் கோழியும் இருக்கக் காணப்பட்டன. பற்கள் கடினமான பண்டங்களை ஆனந்தக் கண்ணீருடன் கடிக்கும் வலுவுடன் உள்ளன. ஆகவே இச்சமூகம் ஆசிய சராசரிக்கும் மேற்பட்டது என முடிவு செய்யப்படுகிறது. குடும்பம் ஒன்றுக்கு முக்கால் பல் மருத்துவர். மேலும், முன்மாதிரிகளுக்கே முன்மாதிரியாகத் திகழ்வதற்காக வெள்ளிக்கிழமை பாராட்டு விழா.

அந்தச் சமயம் பாராட்டு விழா நடத்துவது பெரிய நாகரிகமாக இருந்தது. உதவி கேட்டு வருகிறவர்களுக்கு உதவிக்குப் பதிலாகக் கேடயம் கொடுத்து அனுப்புவார்கள். செலவும் குறைவு, போட்டோவும் நன்றாக வரும்.

விரியோவுக்கு அதற்குள் வாய் திறக்க முடியவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான், கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு. திங்கட்கிழமைக்குள் துண்டு இல்லாமல் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். கீரைப் பக்கத்தில் துண்டு கூடாதாம், சுகாதாரம்.

சுலஸ்த்ரி அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். மூன்றாம் தடவை சிரித்தாள்.

விழாவுக்கு எல்லோரும் எங்கள் ஊர்ப் பூப்போட்ட பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு போனோம். அதிகாரிகளும் போட்டிருந்தார்கள், ஒருவர் முன்பின்னாகப் போட்டிருந்தார். ஆசியப் பல் மருத்துவர் சங்கத் தலைவர் டாக்டர் அனந்தநாராயணன் பேசினார். இந்தியாவிலிருந்து வந்தவர். எங்கள் தெரு முழுக்க உள்ள பெயர்களைக் கூட்டினாலும் அவர் பெயர் நீளம் வராது. "நாம் ஆசியர்கள் யாரிடமும் கைநீட்டியதில்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் சொந்த உழைப்பில் முன்னேறினோம்" என்றார். அவருடைய தாத்தாவும் டாக்டர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

கேடயம் வாங்க சுலஸ்த்ரி மேடை ஏறினாள், விரியோவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. ஒலிபெருக்கியில் கடிதத்தை வாசித்தாள்.

"வீட்டுக்கு முக்கால் டாக்டர்னு வாரியமே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கு. ரொம்ப நன்றி. எங்க வீட்டு முக்காலும் இந்தத் தம்பி வீட்டு முக்காலும் சேத்தா ஒண்ணரை. எங்களுக்குப் பேராசை கிடையாதுங்க, அந்த அரையை ஊருக்கே விட்டுக் குடுத்துர்றோம். ஒரு முழு டாக்டர் போதும்." திரும்பி டாக்டரைப் பார்த்தாள். "ஐயா முழுசா இருக்காரு. இவரையே எடுத்துக்கறோம்."

கேமராக்கள் எல்லாம் டாக்டர் பக்கம் திரும்பின. பிளெட்சர் அறிக்கையைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தார். "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, டாக்டரின் புறநகர் மருத்துவமனையில், போட்டோகிராபர் முன்னிலையில், ஒன்பதே நிமிஷத்தில் பல் வெளியே வந்தது. திங்கட்கிழமை விரியோ துண்டு இல்லாமல் கீரைக்கு முன்னால் நின்றான். சங்கத்தின் பத்திரிகையில் படம் வந்தது. வாரியத்தின் அறிக்கையில் எங்கள் பல்வலி விகிதம் பூஜ்யம் என்று திருத்தி அச்சடித்தார்கள். எல்லோருக்கும் திருப்தி.

இதெல்லாம் போன வருஷம்.

இந்த வருஷம் பல்வலி சுலஸ்த்ரிக்கு. டாக்டரைக் கேட்டுப் போனாள். போன வருஷப் படமே நன்றாக வந்திருக்கிறது, இப்போதைக்கு வேறு தேவையில்லை என்று வரவேற்பறைப் பெண் சொல்லி அனுப்பிவிட்டாள். இனி வாரியம்தான் கதி. வருடாந்திர மறு ஆய்வுக்கு பிளெட்சர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது.

இந்த முறை சுலஸ்த்ரி யாரையும் நம்பவில்லை. ஹெர்லம்பாங்கின் கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "முதல் வீடு என் வீடு. நானே பேசறேன். வாளியில உக்காரட்டும். வலி உயிர் போகுதுன்னு அந்தாள் மூஞ்சிக்கு நேரா சொல்றேன். நீங்க பின்னால நின்னு பாருங்க, எப்படிப் பேசறதுன்னு கத்துக்கங்க."

நாங்கள் பின்னால் நின்றோம். மணி அடித்தது. சுலஸ்த்ரி கதவைத் திறந்தாள். பிளெட்சர் மழையில் நனைந்து, கையில் ஒரு சின்னப் பூங்கொத்தோடு நின்றார்.

"நலமா, அம்மா? ஏதேனும் குறை உண்டா?"

சுலஸ்த்ரியின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஐயையோ, நனைஞ்சுட்டீங்களே! என்ன குறைங்க எங்களுக்கு? நல்லா இருக்கோம்" என்றாள். சொல்லிக்கொண்டே வலது கை பின்னால் வந்து இடுப்பிலிருந்த சாவியை உருவி என்னிடம் நீட்டியது.

நானும் விரியோவும் ஓடினோம். மழையில் கண்ணாடித்தாள் வழுக்கியது, ஆனாலும் போன வருஷப் பழக்கம் கை கொடுத்தது. வாசலிலேயே நிறுத்தி வைத்து அவருடைய பூங்கொத்தையும் டையையும் அவள் புகழ்ந்து முடிப்பதற்குள் பின்பக்கமாக இறக்கிவிட்டோம். பிளெட்சர் உட்கார்ந்தார். சிவப்பு வெல்வெட்டை வாஞ்சையோடு தட்டிக்கொடுத்தார். சுலஸ்த்ரி வேர்க்கடலைத் தட்டையைத் தட்டோடு நீட்டினாள்.

"நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா."

விரியோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். சுலஸ்த்ரி எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. தட்டில் இருந்ததிலேயே பெரிய தட்டையாகப் பார்த்து எடுத்தாள், சிரித்தாள், வலிக்கிற பக்கமாக வைத்து நறுக்கென்று கடித்தாள்.