நாற்பத்தெட்டில் முதல் நாள்

ஜீப்பின் ஹாரன் மூன்றாம் முறையாக அலறியபோது, சுருளியம்மாளின் தியானம் அன்றைக்கும் முடிந்துபோயிற்று.

எழுந்து விளக்கைப் போட்டார். ஜன்னலைத் திறந்தார்.

"ஜஹாங்கீரு! காலங்காத்தால அஞ்சரைக்கு ஒனக்கு வேற தெருவே கெடைக்கலையா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. ஒரு ஆளு எந்திரிக்கணும். எந்திரிச்சாத்தான் வண்டி போடிமெட்டு ஏறும்."

"யாரு அந்தச் சோம்பேறி?"

ஜஹாங்கீர் தலையைச் சொறிந்தார். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் வண்டிக்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜீப் புறப்பட்டது.

சுருளியம்மாள் நாள்காட்டியில் அன்றைய கட்டத்தில் எழுதியிருந்த 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு, மறுநாள் கட்டத்தில் மீண்டும் 'ஒன்று' என்று எழுதினார்.

அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் டிரங்க்கால் இணைத்தவர். போடி ஏல வியாபாரிகளைப் பம்பாயோடும் கல்கத்தாவோடும் பேசவைத்தவர். ஓய்வு பெற்றபின் அவரோடு பேச எவருமில்லை. மணம் செய்துகொள்ளவில்லை, வீட்டில் தொலைபேசியும் இல்லை. சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். உச்சிப்பொழுதில் தபால்காரர் வந்து பார்க்கும்வரை, குரல் கொடுத்தும் எவரும் வரவில்லை. தையில் கால் எலும்பு கூடிற்று. உறக்கம் மட்டும் கூடவில்லை.

"வெள்ளன எந்திரிச்சு அரைமணி நேரம் கண்ண மூடி ஒக்காருங்க. நாப்பத்தெட்டு நாள். தனிமையே தொணையாயிரும்" என்றார் வைத்தியர். "ஒருநாள் கலைஞ்சாலும் மறுபடி மொதல்லருந்து."

சொன்னதைச் சொன்னபடி செய்வது சுருளியம்மாளின் இயல்பு. ஆகையால், மூன்று மாதங்களாக அவருக்கு முதல் நாளே நடந்துகொண்டிருந்தது.

"நாளையிலருந்து ஹாரன் அடிக்கக் கூடாது" என்று, அன்று மாலை மலையிறங்கி வந்த ஜஹாங்கீருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜஹாங்கீர் சொல் தவறாதவர். மறுநாள் ஹாரன் அடிக்கவில்லை. இரும்புக் கம்பியால் ஜீப்பின் தகரத்தில் தட்டினார். தெருவிலிருந்த நாய்கள் அனைத்தும் விழித்துக்கொண்டன.

ஜன்னல் திறந்தது. "தகரமும் கூடாது!"

அதற்கடுத்த நாள் வாசற்படியருகே யாரோ இருமினார்கள். ஓர் இருமல் ஓய்ந்ததும் அடுத்தது தொடங்கிற்று. எட்டுப் பெண்கள் முறைவைத்து இருமுவதைச் சுருளியம்மாள் எண்ணியே தெரிந்துகொண்டார். ஜன்னலைத் திறந்தால், தொழிலாளர்களில் மூத்தவரான ஜக்கம்மாள் முன்னால் நின்றார்.

"என்ன ஜக்கம்மா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல இருமல்?"

"பனிக்கா."

"சித்திரையிலயா பனி?"

"மலைப்பனி எறங்கி வந்துருச்சுக்கா" என்றார் ஜக்கம்மாள், சிறிதும் கூசாமல். "நீங்க ஏசி முடிச்சுட்டீங்கன்னா வெரசாக் கெளம்பிருவோம். சோலி கெடக்கு."

சுருளியம்மாள் அன்றே ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் வானமே இடிந்து விழுந்தாலும் எழக் கூடாது.

மறுநாள் ஜன்னலையும் கதவையும் தாழிட்டார். விளக்கைப் போடவில்லை. கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, இரு காதுகளிலும் பஞ்சை அடைத்து அமர்ந்தார்.

எந்த ஓசையும் இல்லை. மனம் தன் பழைய இணைப்புப் பலகையை அவர்முன் நிறுத்திற்று. அவர் ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கினார். பம்பாய் போயிற்று, கல்கத்தா போயிற்று, மதுரையும் போயிற்று. ஒரு விளக்குக்கூட எரியாத பலகை மட்டும் எஞ்சியது. இதுதானா அமைதி என்று எண்ணிய கணத்தில், ஐப்பசி மாதத்துக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. அங்கும் இப்படித்தான் இருந்தது. எங்கோ தொலைவில் ஏதோ இடிவதுபோல் இருந்தது. இருந்தும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. தொடங்கியதை இடையில் விடுகிறவர் அல்லர்.

முகத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வந்து விழுந்தது.

கண்ணைத் திறந்தார். கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜஹாங்கீர் கடப்பாரையோடு மூச்சிரைக்க நின்றார். அவருக்குப் பின்னால் எட்டுப் பெண்கள். ஜக்கம்மாளின் கையில் காலிச் செம்பு.

"உசுரு இருக்கு! கண்ணத் தெறந்துட்டாக!" என்று ஒருத்தி கத்தியது பஞ்சையும் மீறிக் கேட்டது.

சுருளியம்மாள் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு நிமிடங்கள் ஆகியிருந்தன.

"பாவிகளா, இன்னும் ரெண்டே நிமிசம்! யாரைக் கேட்டுக் கதவ ஒடச்சீங்க? அந்தத் தூங்குமூஞ்சிய எழுப்பணும்னா அந்த ஆளு வீட்டுக் கதவ ஒடைங்க!"

ஜஹாங்கீர் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஜக்கம்மாள் முந்தானையால் சுருளியம்மாளின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"இந்தத் தெருவுலருந்து ஜீப்புல ஏற ஒரு ஆளும் கெடையாதுக்கா, ஐப்பசியில நீங்க கேப்பாரில்லாமக் கெடந்தீகன்னு கேள்விப்பட்ட நாள்லருந்து, ஜன்னலத் தெறந்து நீங்க எங்கள ஏசுனாத்தான் வண்டி மலையேறும்."