மேளத்தின் வயிற்றில் ஒரு சிவப்புக் கோட்டு

மனைவியின் கண்ணில் படாமல் ஒரு பொருளை ஒளித்து வைக்கக் கண்டியில் ஒரே ஓர் இடம்தான் உண்டு என்று சுவக்கின் கண்டுபிடித்தான். மலையைக் குடைந்து கண்டிக்கு ரயில் கொண்டுவந்த துரைக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது. அந்த இடம், அவன் வீட்டிலிருந்த பெரிய மேளத்தின் வயிறு.

மேளம் மாதா கோயிலுக்குச் சொந்தம். வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரைவிட்டுப் போனபோது ஏலத்தில் சாமியார் எடுத்தது. கோயில் சாமான் அறை ஒழுகியதால், அதை அடிக்கிற சுவக்கின் வீட்டிலேயே தங்கிவிட்டது. வீட்டில் இருந்தது ஒரு கதிரை. அதில் மேளம் உட்கார்ந்திருக்கும். சுவக்கின் தரையில் உட்கார்ந்திருப்பான்.

மேளத்தைத் தூக்கிவரப் போன அன்று, கப்பலேறக் காத்திருந்த பட்டாளத்து மேளக்காரன் தன் சிவப்புக் கோட்டையும் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டான். கனத்த கம்பளி. நெஞ்சில் இரண்டு வரிசை பித்தளைப் பொத்தான். அந்தோனியார் திருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்த மேளத்தை அடித்துக்கொண்டு, தோளில் தூக்கிவரும் சுரூபத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதன் வேறென்ன கேட்டுவிட்டான்?

மனைவி பெற்றீசியா கோட்டை விரல்களால் தடவிப் பார்த்தாள். அவள் கோப்பி ஸ்டோரில் விடியற்காலையிலிருந்து குளிர்ந்த சிமெந்துத் தரையில் உட்கார்ந்து கொட்டை பொறுக்குகிறவள்.

"நல்ல கம்பளிங்க. பிரிச்சுத் தைச்சா எனக்கு ஒரு மேல்சட்டை வரும்."

பட்டாளத்தையே பிரிக்கப் பார்க்கிறாளே என்று சுவக்கின் கோட்டை வாங்கி மடித்துவிட்டான். மறுநாள் கோட்டைக் காணவில்லை.

"எங்கங்க கோட்டு?"

"ஒரு ஏழைக்குக் குடுத்திட்டேன்."

"எந்த ஏழைக்கு?"

"கம்பளை ஊர்ல ஒரு ஏழைக்கு."

"பேரு?"

ஏழைக்குப் பேரும் இருக்கும் என்று அவன் யோசித்திருக்கவில்லை. "சின்னமுத்து."

"கட்டையா, நெட்டையா?"

"நடுத்தரம்."

"பாவம், குளிருக்கு ஒண்ணும் இல்லாம இருந்திருப்பாரு" என்றாள் பெற்றீசியா. குரலில் கேலி இல்லை. அதுதான் சுவக்கினுக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்றைக்குச் செபமாலை முடிகிற நேரத்தில், "கம்பளைச் சின்னமுத்துக்காக ஒரு பிரியதத்த மந்திரம்" என்று அவளே தொடங்கினாள். இல்லாத மனிதனுக்காகச் சுவக்கின் பக்தியோடு பதில் சொன்னான். மறுநாளும் சொன்னான். ஒரு வாரத்தில் சின்னமுத்து அந்தக் குடும்பத்தில் ஒருவனாகிவிட்டான்.

கோட்டு பத்திரமாக இருந்தது. கெட்டுப்போனது மேளம்.

முன்பெல்லாம் ஓர் அடி அடித்தால் "தோம்ம்ம்" என்று கிளம்பி, குளத்து நீருக்கு மேலே போய், எதிர் மலையில் இடித்துத் திரும்பி வரும். இப்போது அடித்தால் "தொப்". பலாப்பழம் சேற்றில் விழுந்த மாதிரி. அடித்த இடத்திலேயே சத்தம் உட்கார்ந்துவிட்டது.

"என்னங்க, மேளம் ஒரு மாதிரியா இருமுது?" என்றாள் பெற்றீசியா.

"மழை. தோலு ஈரம் குடிச்சிருக்கு."

"அப்ப நெருப்புல காட்டுங்களேன். வைக்கோல் கொண்டாரவா?"

"வேணாம்! வேணாம்!" உள்ளே கம்பளி இருக்கிறது, நெருப்பாவது! "இது வெள்ளைக்கார மேளம். நெருப்பு ஆகாது."

"அடிக்கையில உங்க தொந்தி அதுல படுது. அதனாலயும் இருக்கும். வயித்த உள்ளுக்கு இழுத்துக்கிட்டு அடிங்க."

அவன் மூச்சைப் பிடித்து, வயிற்றை முதுகெலும்போடு ஒட்டவைத்து அடித்தான். "தொப்."

அன்று மத்தியானச் சோற்றோடு அவனுக்கு ஒரு முட்டை வந்தது. முட்டை எதற்கு? கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் காரணமில்லாமல் முட்டை வந்ததில்லை. சுவக்கின் அதை உடைத்து, முகர்ந்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை சாமியார் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் யாகப்பர் நின்றான். யாகப்பர் செருப்புத் தைக்கிறவன், சின்ன மேளம் அடிக்கிறவன், பெரிய மேளத்தின் மேல் அது வந்த நாளிலிருந்தே கண் வைத்திருக்கிறவன்.

"சுவக்கின், பெரிய மேளம் சத்தமே போடவில்லையாமே? எனக்குச் சொன்னார்கள்" என்றார் சாமியார். "நாளை ஒத்திகை. நாளைக்கும் அது பேசாவிட்டால் யாகப்பரிடம் கொடுத்துவிடு. அவன் பிரித்துப் பார்க்கட்டும்."

பிரித்துப் பார்ப்பதா? சுவக்கின் திரும்பி வேகமாக நடந்தான். யாகப்பர் வழித்துணை மாதிரி வீடுவரை வந்து, மேளத்தின் மரப் பக்கத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டான்.

"தோல்ல ஒரு குத்தமும் இல்லண்ணே. கயிறும் நல்லா இழுத்துத்தான் இருக்கு. உள்ளுக்குத்தான் சங்கதி. யாரோ கம்பளி போத்திக்கிட்டுத் தூங்குற மாதிரி இருக்கு."

அடுப்படியில் பெற்றீசியாவுக்குப் புரையேறியது.

"சாமிக்கு யாரு சொன்னது? நீதானே?" என்றான் சுவக்கின்.

"நான் ஏன்ணே சொல்றேன்?" என்று யாகப்பர் போய்விட்டான். பொய் சொல்கிறான் என்று சுவக்கின் உடனே தீர்மானித்தான். உண்மை சொல்கிறவனாயிருந்தால் இரண்டு தடவை சொல்லியிருப்பான்.

சனிக்கிழமை காலை, பெற்றீசியா ஸ்டோருக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். மேளத்தைப் பிரிப்பது இலேசு இல்லை. சுற்றிலும் கயிறு. கயிற்றில் இருபது தோல் பட்டை. ஒவ்வொன்றையும் மேலே தள்ளித் தள்ளிக் கயிற்றைத் தளர்த்தி, மர வளையத்தைக் கிளப்பி, தோலைத் தூக்கி, கோட்டை உருவினான். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி, பட்டைகளைக் கீழே இழுத்து இழுத்து இறுக்கினான். விரல்களில் தோல் உரிந்தது.

இனிக் கோட்டுக்கு இடம்? அதற்குத்தானே கர்த்தர் அவனைக் கோப்பி ஸ்டோரில் சாக்குத் தைக்கிறவனாகப் படைத்திருக்கிறார். பரண்மேல் அடுப்பெரிக்கக் கோப்பித் தொலி சாக்குகள் ஆறு கிடந்தன. ஒன்றில் தொலிக்கு நடுவே கோட்டைப் புதைத்து, வாயைத் தைத்து, கடைசியில் மூன்று முடிச்சுப் போட்டான். மூன்று முடிச்சு அவனுடைய அடையாளம். எவராவது பிரித்தால் தெரிந்துவிடும்.

சாயந்தரம் ஒத்திகை. முதல் அடி விழுந்தது. "தோம்ம்ம்..." கோயில் கூரையிலிருந்து புறாக்கள் எழுந்தன. சத்தம் குளத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. சாமியார் சிரித்தார். யாகப்பர்கூடத் தலையாட்டினான்.

"வயிறு திறந்திருச்சுண்ணே. ஆனா குச்சி நுனி தேஞ்சு போச்சு. சத்தத்துக்கு முந்தி 'டக்'குன்னு ஒரு தட்டுக் கேக்குது. நல்ல துணியாச் சுத்தினா இன்னும் உருண்டு வரும்."

"அத நான் பாத்துக்கிறேன்" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பெற்றீசியா. அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் மேளம் பேசியதற்கு மட்டுமான சந்தோஷமாக அவனுக்குப் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறிப் பார்த்தான். மூன்று முடிச்சு இருந்தது.

"என்னங்க அங்க?"

"எலி."

மறுநாள் காலை தூங்கி எழுந்தபோது, பெற்றீசியா முந்தானையால் நுனியை மூடிய குச்சியோடும் ஊசி நூலோடும் பக்கத்து வீட்டு ராக்கம்மாவிடமிருந்து வந்துகொண்டிருந்தாள். பார்த்தான். பரணுக்கு ஏறினான். மூன்று முடிச்சு இருந்தது.

திருநாள் செவ்வாய்க்கிழமை. "நீங்க ஆறுதலா வாங்க. நான் பூ கட்ட முன்னுக்குப் போறேன்" என்று அவள் கிளம்பிவிட்டாள். இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவன் இவ்வளவு நாள் காத்திருந்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டால், அந்தோனியார் முகத்துக்கு நேரே அவளால் என்ன செய்ய முடியும்?

சாக்கை இறக்கினான். முடிச்சு மூன்று. அறுத்தான். தொலி. கையை விட்டான். தொலி. கவிழ்த்தான். வீடு முழுக்கத் தொலி. மற்ற ஐந்து சாக்கையும் கவிழ்த்தான்.

கோட்டைக் காணோம் என்று யாரிடம் போய்க் கேட்பது? கோட்டுதான் கம்பளையில் இருக்கிறதே!

தலைமுடியில் தொலியோடு, வெறும் வெள்ளைச் சட்டையில், மேளத்தைச் சுமந்துகொண்டு கோயில் வாசலுக்குப் போனான். பெற்றீசியா குச்சியை நீட்டினாள். நுனியில் முஷ்டியளவு கம்பளி உருண்டை. சிவப்பு. கைப்பிடியில் அழகுக்கு ஒரு பித்தளைப் பொத்தான். அவள் சேலைக்குள்ளே, கழுத்தோரம் ஒரு புது மேல்சட்டையின் சிவப்பு விளிம்பும் தெரிந்தது.

"இந்தத் துணி..." சுவக்கின் பொத்தானைத் தடவினான். "எங்க கிடைச்சுது?"

"கம்பளைச் சின்னமுத்து திருப்பி அனுப்பிட்டாருங்க. அவருக்குக் கை நீளமாம்."

மணி அடித்தது. சுரூபம் தூக்கினார்கள். சுவக்கின் அடித்தான். சத்தம் இப்போது தட்டலே இல்லாமல் உருண்டு எழுந்து, விரிந்து, ஊரையே நிறைத்தது. குச்சி நுனியில் தன் கோட்டின் கையே தனக்கு முன்னால் போய்ப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நடந்தான். பெண்கள் வரிசையின் முனையில் அவள் அவனோடு சேர்ந்தாற்போல் வந்தாள்.

"ஏன் புள்ள, எப்ப தெரியும்?" என்றான் மெதுவாக.

"மேளம் தொப்புன்ன அன்னைக்கே. அது தோம்முன்னதும் கோட்டு வெளிய வந்திருச்சுன்னு தெரிஞ்சுது. நீங்க பரணுக்கு ஏறினதுல இடமும் தெரிஞ்சுது. மூணு முடிச்சுச் சாக்குத் தையலு நீங்கதான் எனக்குப் பழக்கினது."

"சாமிக்குச் சொன்னது?"

"நான்தான்."

ஓர் அடி. இன்னோர் அடி. சுவக்கினுக்குக் கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"உள்ளதான் இருக்குன்னு தெரிஞ்சா, முந்தியே நீயே எடுத்திருக்கலாமே?"

"இருபது பட்டைய யாருங்க கழட்டி மாட்டுறது? அதுக்குத்தான நீங்க இருக்கீங்க."