கசூன் – ஒன்று

"இருநூத்திப் பதிமூணு, கைவிளக்கு, ரெண்டு. பார்த்தாச்சு," என்று லியாகத் அலி பென்சிலால் குறி போட்டார். "இருநூத்திப் பதினாலு, கசூன், ஒண்ணு. எங்க கீது?"

பக்தவச்சலம் அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். கசூன் என்றால் என்னவென்று தெரிந்தால் அல்லவா அதை எங்கே தேடுவது என்று தெரியும்.

அது ராயபுரத்தில் கிரேன்களைப் பழுதுபார்க்கும் ஒரு பணிமனை. அதன் ஸ்டோர் கீப்பரான பக்தவச்சலத்துக்கு மறுநாள் காலை அரக்கோணத்தில் கல்யாணம். மாலை நாலரை மணி ரயிலைப் பிடித்தால்தான் மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளை இருப்பார். ஆனால் லீவில் போகிற ஸ்டோர் கீப்பர், பொறுப்பேற்க வருகிறவரிடம் ஒவ்வொரு பொருளையும் கண்ணால் காட்டி ஒப்படைக்க வேண்டும். வந்தவர் கையெழுத்துப் போடாமல் போகிறவர் கேட்டைத் தாண்ட முடியாது.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. முதல் பட்டியலை எழுதியவர் அயர்லாந்துக்காரரான ஒரு துரை. 1926-இல் ஊருக்குக் கப்பலேறும் முன் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வந்த ஒவ்வொரு ஸ்டோர் கீப்பரும் அதை அப்படியே பிரதி எடுத்து, அடியில் 'அனைத்தையும் நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முந்தினவர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கைதான். இப்படி இருபத்தாறு வருடங்களில் ஏழு பேர் கசூனை நேரில் பார்த்திருந்தார்கள். ஏழாமவர் பக்தவச்சலம்.

எட்டாமவரான லியாகத் அலிக்கு நிஜமாகவே பார்க்க வேண்டுமாம்.

"அது கொஞ்சம் உள்ள கீது பாய். மத்ததைப் பாத்துகினு இருங்க," என்று சொல்லிவிட்டு பக்தவச்சலம் வெளியே ஓடினார். ஆபீஸ் அகராதியில் அந்தச் சொல்லே இல்லை. மேஸ்திரி இன்னாசியைப் பிடித்தார்.

"இன்னாசி அண்ணே, கசூன் தெரியுமா?"

"இருபது வருஷ சர்வீஸு. கசூன் தெரியாம இருப்பனா?"

"பாக்க எப்படி இருக்கும்?"

இன்னாசி யோசித்தார். "கசூன் மாதிரிதான் இருக்கும்."

வேறு வழியில்லை. பக்தவச்சலம் பழைய இரும்புக் குவியலுக்குப் போனார். வளைந்த குழாய் ஒன்றை எடுத்து, அதன் வாயில் பல் உடைந்த சக்கரத்தை முறுக்கி, முழுவதையும் சிவப்பு வண்ணத்தில் முக்கினார். சிவப்பாக இருப்பதை யாரும் அதிகம் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். காய்ந்ததும் வெள்ளையில் 214 என்று எழுதினார்.

லியாகத் அலி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த எதுல மாட்றது?"

"கிரேன்ல."

"அப்போ இது ஸ்பேர். கிரேன்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கணுமே. வாங்க, அத்தயும் பார்த்துடலாம்."

கிரேனடியில் பத்துப் பதினைந்து ஆட்கள் சூழ நின்றிருந்த இன்னாசியிடம் லியாகத் அலி கேட்டார்: "மேஸ்திரி, இதுல கசூன் கீதா?"

அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல இன்னாசிக்கு மனம் வரவில்லை. "அது தேஞ்சி போயி எப்பவோ கழட்டியாச்சு பாய். அதான் இந்தக் கிரேன் இப்படிக் கத்துது. குடு, மாட்டிடறேன்."

அந்தக் கிரேன் திரும்பும்போது போடும் கூச்சல் காசிமேடு வரை கேட்கும். கிரேனின் கழுத்து ஓர் உருளை வளையத்தின் மேல் சுழல்கிறது. வளையத்துக்கு கிரீஸ் போட வேண்டும். பதினோரு வருடமாக யாரும் போடவில்லை. கசூனை மாட்ட இடம் தேடிய இன்னாசி மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த அழுக்கைச் சுரண்டி, கை கையாக கிரீஸை அப்பி, மூடியைப் போட்டு, வெளியே எதன் மேலும் படாத ஓர் இடத்தில் கசூனை முடுக்கினார். கிரேன் திரும்பியது. சத்தமே இல்லை. வேலையைச் செய்தது கிரீஸ். ஆனால் கிரீஸ் மூடிக்குள் இருந்தது, கசூன் வெளியே சிவப்பாக இருந்தது.

"பாத்தியா, கசூன் இன்னா வேலை செய்யுது," என்றார் இன்னாசி. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கசூன் என்ற பேச்சு காதில் விழுந்து சூப்பரின்டென்டென்ட் ஜெயவேல் வந்தார். இந்தப் பணிமனைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம். ஒரு மரையாணி குறைந்தாலும் விசாரணை வைக்கிறவர். பக்தவச்சலம் இன்னாசியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார். ஜெயவேலோ தூரத்திலிருந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"கசூனேதான். நான் பாத்துக்கறேன். கையெழுத்துப் போட்டு இவரை அனுப்புங்க."

"முடியாது சார்," என்றார் லியாகத் அலி. "லிஸ்ட்ல ஸ்டோர்ல ஒண்ணுன்னு கீது. அது இப்ப கிரேன்ல கீது. ஸ்டோர்ல பூஜ்ஜியம்."

"அப்போ கழட்டுங்க."

"கழட்ட வுடமாட்டேன் சார்," என்றார் இன்னாசி. "மறுபடி கத்தும்."

கத்தாததும் ஊருக்குக் கேட்டுவிட்டது. இரண்டு மணிக்குத் துறைமுகத்துப் பணிமனையிலிருந்து கடிதம் வந்தது: ஆறு கசூன்கள் உடனே தேவை. இரண்டரைக்குத் தலைமை அலுவலகம் போனில் கூப்பிட்டது: கசூன் வைத்திருந்த ஒரே ஸ்டோர் கீப்பர் பக்தவச்சலம் என்பதால், ஆறையும் கொடுத்து முடிக்கும்வரை அவர் லீவு ரத்து.

மூன்றரை மணிக்கு பக்தவச்சலம் சூப்பரின்டென்டென்ட் அறையில் நின்றார். பின்னால் லியாகத் அலியும் இன்னாசியும்.

"சார், அது கசூன் இல்ல. குப்பையில பொறுக்கி நானே செஞ்சது. கசூன்னா இன்னான்னே எனக்குத் தெரியாது. நாலு வருஷம் முன்னால பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். வேலைய வுட்டுத் தூக்குங்க. ரயிலுக்கு மட்டும் வுட்டுடுங்க."

இன்னாசி கூரையைப் பார்த்தார்.

ஜெயவேல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "உளறாதீங்க. அது கசூன்தான்."

"செஞ்சவரே இல்லன்றாரு சார்," என்றார் லியாகத் அலி.

"அவருக்கு இன்னா தெரியும்? நான் சொல்றேன், கசூன்தான்."

"பேஜாரு சார் இது," என்றார் லியாகத் அலி. "நெஜ கசூனைக் கண்ணால பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்போது ஜெயவேலின் அம்மா தாயம்மா சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தார். "மணி நாலாவப் போவுது. இன்னும் துன்னாம இன்னாடா பண்ணிகினு கீற?"

"அம்மா, நீ மொதல்ல வூட்டுக்குப் போ."

"இருடா. இந்தப் புள்ள ஏன் இப்படி வேர்த்துப் போயி நிக்குது?"

"நாளைக்கு இவருக்குக் கல்யாணம்மா," என்றார் லியாகத் அலி. "பழைய தொர எழுதின லிஸ்ட்டு இது. இதுல கசூன் ஒண்ணு காணோம். அது கெடைக்காம இவரு கெளம்ப முடியாது."

ஜெயவேல் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாயம்மா கேரியரை மேசைமேல் வைத்தார்.

"குறி போட்டுக்கோ பாய், கசூன் ஒண்ணு, நல்ல நெலமையில கீது, அந்தத் தொர ஊர்ல எடுபிடிப் பையனை அப்படித்தான் சொல்லுவாங்களாம், நான் அவருக்கு ஆக்கிப் போட்டுகினு இருந்தப்போ அவரு கூட ஓடிகினு இருந்த எம் புள்ள, தோ நாற்காலில குந்திகினு கீறான் பாரு."