எண்பதில் பிடுங்கும் எண்பதார்

வாழ்க எண்பதார்! மூக்குக்கண்ணாடிக் கடையின் மூத்த விற்பனையாளரும், சார்ஜை இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதவரும், எண்பதுக்கு மேலே ஏற விடாதவரும், அதனாலேயே அப்பெயர் பூண்டவருமான கைப்பேசிக் காவலரின் பெரும்போரைப் பாடப் புகுகின்றேன். நாவே, நடுவில் சிரித்துத் தொலைக்காதே!

பேட்டரிக்குள் வாழும் லித்தியம் என்னும் மெல்லியலாள் வயிறு நிரம்பினாலும் வாடுவாள், பட்டினி கிடந்தாலும் வாடுவாள், வெயில் பட்டால் வீங்கியே போவாள் என்று எங்கோ படித்த நாள்முதல் நம் தலைவர் நிம்மதியாக உண்டதில்லை. அவருடைய மனைவியின் தம்பியோ, வேன் ஓட்டும் வெங்கொடுமையாளன். விடியவிடிய போனைச் சார்ஜில் போட்டு அதைத் தலையணைக்கு அடியிலும் திணிப்பான். பகலில் வண்டியின் முன்கண்ணாடி ஓரம் காயப்போடுவான். இருவரும் ஒரே நாளில் ஒரே போனை வாங்கியவர்கள். எவன் போன் முதலில் சாகிறதோ, அவன் அதன்பின் இவ்வீட்டில் எவருக்கும் புத்தி சொல்லலாகாது என்று பந்தயம் மூண்டது. துண்டு மடிப்பது முதல் குளிர்பெட்டிக் கதவைச் சாத்துவது வரை அறிவுரை பொழிந்தே உயிர்வாழும் எண்பதாருக்கு அது தலைபோகிற காரியம்.

ஆகவே போராடினார். பாதிச் சோற்றில் எழுந்தார். வாடிக்கையாளரின் ஒரு காதில் மட்டும் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பாய்ந்தார். இருபதில் செருகி, எண்பதில் பிடுங்கி, மீண்டும் செருகி, மீண்டும் பிடுங்கினார். மனைவி தன் பதவி உயர்வைச் சொல்ல வாயெடுத்தபோதும், "எழுபத்தொன்பது!" என்று முழங்கி ஓடினார்.

"எனக்காக ஒரு நாளாவது இப்படி ஓடி வந்திருக்கீங்களா?" என்றாள் அவள். பாவம், அவளுக்கு உண்மையிலேயே வலித்தது. தலைவர் காதில் அது விழவில்லை.

வந்தது தீர்ப்பு நாள். மைத்துனன் வீடு தேடி வந்தான். எது முதலில் சாகும் என்று அறிய இரு போன்களின் பேட்டரி நலமும் சோதிக்கப்பட்டது. அவனுடையது இளைத்துத் துரும்பாகிக் கிடக்க, எண்பதாருடையதோ நேற்றுப் பிறந்ததுபோல் நின்றது. மார்பு விம்ம, மீசை துடிக்க, "இனிமே இந்த வீட்ல நான் சொல்றதுதான் சட்டம்!" என்று பிரகடனம் செய்து, இருபதைத் தொட்டுவிட்ட தம் போனில் சார்ஜரை வெற்றிக்கொடி நாட்டுவதுபோல் செருகினார்.

ஏறவில்லை. திருப்பிச் செருகினார், ஊதிச் செருகினார், சாய்த்துப் பிடித்து மூச்சையும் பிடித்தார். பத்தொன்பது ஆயிற்று. ஐயகோ, பதினெட்டும் ஆயிற்று!

"அத்தான், பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சொருகிச் சொருகிப் புடுங்குனதுல ஓட்டைதான் லூசாயிடுச்சு. கடையில குடுத்தா மாத்திடுவாங்க, கைய வைக்காதீங்க," என்றான் மைத்துனன்.

அறிவுரை சொல்பவர் அறிவுரை கேட்பாரா? குண்டூசி எடுத்தார், குகைபுகும் வேங்கையென அத்துளைக்குள் புகுந்து தோண்டினார். உள்ளே ஏதோ முறிந்தது. ஒருமுறை மின்னிய திரை, பின் நிரந்தரமாக இருண்டது. நோயற்ற பேட்டரியை வயிற்றில் சுமந்தபடியே அந்தப் போன் வீரமரணம் எய்திற்று.

அன்று மாலை மைத்துனனின் போன் சோபாவில், மெத்தைக்கு அடியில், சார்ஜரோடு நூற்றைத் தொட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணுற்ற எண்பதார் பொங்கி எழுந்து, கை உயர்த்தி, திருவாய் திறந்தார். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு துண்டு மடிக்கப் போனார்.